மியாவ் டவுனில் ஒரு தர ஆய்வாளர்

அப்பாக்களில் எத்தனையோ வகை உண்டு. அடிக்கிற அப்பா, கொஞ்சுகிற அப்பா, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிற அன்று மட்டும் வீட்டில் தென்படுகிற அப்பா. இவர்களைப் பற்றியெல்லாம் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு வகை மட்டும் இதுவரை யார் கண்ணிலும் படாமல் தப்பித்து வந்திருக்கிறது. அந்த வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘பிள்ளைக்காகப் பார்ப்பவர்’.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பிள்ளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கினால், சாயம் அதிகமோ என்று முதல் வாய் இவர் தின்று பார்ப்பார். ஒரு பக்கம் நன்றாக இருந்து மறுபக்கம் கெட்டிருந்தால் என்ன செய்வது என்று அந்தப் பக்கமும் ஒரு வாய் பார்ப்பார். நடுவில் எப்படி என்கிற கவலை அதற்குள் வந்துவிடும். கடைசியில் பிள்ளையின் கைக்குக் குச்சி வந்து சேரும். பூங்காவுக்குப் போனால் ஊஞ்சல் சங்கிலி எடை தாங்குமா என்று உட்கார்ந்து பார்ப்பார். ஒரு ஆட்டத்தில் தெரிந்துவிடுமா? பத்துப் பதினைந்து ஆட்டமாவது வேண்டாமா? ரிமோட் கார் வாங்கினாரென்றால், பேட்டரி தீர்ந்த பிறகுதான் பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்கும்.

“என்ன சார், நீங்களே விளையாடுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் நொந்துபோவார். “எனக்கென்ன சார் இந்த வயசில்? பிள்ளைக்காகப் பார்க்கிறேன்” என்பார். பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகையின் விசேஷமே அதுதான். மனமார நம்பித்தான் சொல்கிறார்.

இந்த வகையின் ஒன்றாம் நம்பர் மாதிரி ஒருவர் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஓசூரில் இருந்தார். பெயர் மாடசாமி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பிழைக்க வந்த இடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் நூல் கட்டிய மூன்று நிற அட்டைகள் இருக்கும். சரக்கு நன்றாக இருந்தால் பச்சை. கழித்துக்கட்ட வேண்டியதென்றால் சிவப்பு. இரண்டும் தெரியவில்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றால் மஞ்சள். மஞ்சள் அட்டை தொங்கும் சரக்கை மாடசாமி சொல்லாமல் மேனேஜர்கூடத் தொடமுடியாது. அந்த அதிகாரம் கம்பெனி கேட்டோடு முடிகிறது என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

அவருடைய மகள் மோகனப்ரியா நான்காம் வகுப்பு. அவளுக்கு ஒரே தோழி, பக்கத்து வீட்டு ரேவதி. ரேவதியின் அப்பா முனிசாமி ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை என்கிற ஊர்க்காரர். மாடசாமியின் கம்பெனியிலேயே அடுத்த லைனில் வேலை பார்த்தவர். ஜூன் மாதம் அவரைப் பதவி உயர்வு கொடுத்துப் புனே தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். லாரியில் சாமான் ஏறும்போது இரண்டு பெண்களும் அழுத அழுகையில் லாரி டிரைவரே இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

புனேயில் ரேவதிக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, பேச ஆள் கிடைக்கவில்லை. அங்கே பேசுவது மராத்தி, இல்லாவிட்டால் இந்தி. இந்தப் பெண்ணுக்குத் தமிழ் வரும், தெலுங்கு வரும், ஓசூரில் வளர்ந்ததால் கன்னடமும் கொஞ்சம் வரும். மூன்று மொழி தெரிந்த பெண் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

அப்போது கைகொடுத்ததுதான் ‘மியாவ் டவுன்’. இன்டர்நெட்டில் பிள்ளைகள் விளையாடும் ஒரு பூனை ஊர். ஆளுக்கொரு பூனை. பூனைக்கு வீடு கட்டலாம், ஜன்னலுக்குத் திரை போடலாம், குளத்தில் மீன் பிடித்துக் குழம்பு வைக்கலாம், எதிரில் வரும் பூனையோடு எழுத்தில் பேசலாம். இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை முனிசாமி தன் கம்ப்யூட்டரை மகளுக்கு விடுவார். அந்த ஒரு மணி நேரம் ஓசூர்ப் பூனையும் புனேப் பூனையும் ஒரே வாசலில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைக் கோத்து, ஒரு வாரக் கதையைப் பேசித் தீர்க்கும். ரேவதி அடுத்த ஆறு நாளையும் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் ஓட்டினாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது.

வழக்கமாக ஹெல்மெட், கையுறை என்று பேசுவார்கள். அந்த வருஷம் பெங்களூரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, இன்டர்நெட்டும் பிள்ளைகளும் என்று பேசச் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர், சொன்னதெல்லாம் நிஜம். சின்னப் பிள்ளை மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு விளையாட்டுகளுக்குள் நுழைகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், நைச்சியமாக வீட்டு விவரம் கேட்பார்கள், பிள்ளை யாருடன் விளையாடுகிறது என்பதைப் பிள்ளையிடமே உட்கார்ந்து கேளுங்கள் என்றார். மாடசாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் கலப்படமே இல்லை. பெண் குழந்தையைப் பெற்ற எந்த அப்பனுக்கும் வருகிற பயம். ஆனால் பேச்சாளர் சொன்ன கடைசி வாக்கியத்தின்போது டீ வந்துவிட்டதால் அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் மானிட்டரின் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது. பொருள்: பூனை கேம். அளவு: ஒன்று. காரணம்: குழந்தைகளுக்கு உகந்ததா என்பது ஆய்வில்.

அவர் மனைவி ராசாத்தி துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தாள். “இது என்னத்தத் தொங்க விட்டிருக்கீய?”

“ஹோல்டு போட்டிருக்கேன். யாரும் தொடக்கூடாது. நான் பாத்துச் சொல்லுதேன்.”

“அப்பா, ஞாயித்துக்கெழம ரேவதி வருவாப்பா,” என்றாள் மோகனப்ரியா.

“அதுக்குள்ள முடிஞ்சிரும்ட்டி.”

மாடசாமி அரைகுறையாக எதையும் செய்கிறவரல்ல. முதலில் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதினார். உன் பெயர் என்ன? எந்தப் பள்ளிக்கூடம்? வீடு எங்கே? அப்பா அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்கள்? இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? முன்பின் தெரியாத யாராவது இந்த ஐந்தில் எதைக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது, உடனே எழுந்துபோய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மகளுக்கு இதை மனப்பாடம் செய்வித்தார். புனேக்குப் போன் போட்டு ரேவதிக்கும் ஒப்பிக்க வைத்தார். இந்த இடத்தோடு அவர் நிறுத்தியிருந்தால், அவர் படத்தை ஃபிரேம் போட்டு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மாட்டலாம் என்று நானே எழுதியிருப்பேன்.

நிறுத்தவில்லை. சரக்கைச் சோதிக்காமல் முத்திரை குத்த அவருக்கு மனசு வரவில்லை. மியாவ் டவுனுக்குள் போய்ப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தார். வாசலில் வயது கேட்டது. நாற்பத்தொன்று என்று உண்மையைப் போட்டார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை என்று அது மறித்தது. பரவாயில்லையே, காவல் பலமாக இருக்கிறதே என்று பாராட்டி நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு வயதை ஒன்பது என்று மாற்றிப் போட்டு உள்ளே போனார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூனை கிடைத்தது. அதற்கு ‘டைகர்குட்டி’ என்று பெயர் வைத்தார்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு மோகனப்ரியா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள். டைகர்குட்டி குளத்தங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது.

“முடிஞ்சிச்சாப்பா?”

“இப்பத்தான ஆரம்பிச்சிருக்கேன்? மீன் பிடிக்கறதுல ஏதும் ஆபத்து உண்டுமான்னு பாக்கணும்லா.”

ஆபத்து இல்லை. ஆனால் கெண்டையில் ஆபத்து இல்லையென்றால் விராலில் இருக்காது என்று எப்படிச் சொல்வது? விரால் வேண்டுமென்றால் ஆட்டத்தில் நான்காம் படிக்குப் போகவேண்டும். நான்காம் படிக்குப் போக வீடு கட்டியிருக்கவேண்டும். வீடு என்று கட்டினால் மாடி இல்லாமலா? இரண்டாம் ஞாயிறு கீழ்த்தளம் எழும்பியது. மூன்றாம் ஞாயிறு முதல் மாடி. நடுவில் கிழமை நாட்களும் சும்மா போகவில்லை. காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் காலில் ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நோட்டில் ‘அவதானிப்பு தொடர்கிறது’ என்று மட்டும் எழுதியிருக்கும்.

“பதினெட்டு வருசமா வாடகை வீட்ல இருக்கோம்,” என்றாள் ராசாத்தி. “பூனைக்கு ரெண்டு மாடி கட்டியாச்சு.”

“மூணாவது மாடி வரும்போதுதான் ஏதாச்சும் வில்லங்கம் தெரியும். நீ சும்மா இரி.”

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் திம்மப்பன் அவர் முகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். “ஏன் சார், கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? உடம்பு உஷாரில்லையா?”

“பொண்ணுக்காக ஒரு விசயம் பாத்துக்கிட்டு இருக்கேன் சார்.”

“மாப்பிள்ளையா? சின்னப் பொண்ணாச்சே!”

“இல்ல சார். வெரால் மீனு.”

அடுத்த நாளிலிருந்து திம்மப்பன் ஜன்னலோர சீட்டை அவருக்கே விட்டுக்கொடுத்தார்.

இப்படி நான்கு ஞாயிறு போனது. மோகனப்ரியா முதல் ஞாயிறு அழுதாள். இரண்டாவது ஞாயிறு கேட்டாள். மூன்றாவது ஞாயிறு நாற்காலிக்குப் பின்னால் பதினொன்று அடிக்கும் வரை பேசாமல் நின்றாள். நான்காவது ஞாயிறு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாவது ஞாயிறு அம்மாவோடு பை தூக்கிக்கொண்டு உழவர் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டால் மறந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மாடசாமியும் அப்படியே நினைத்தார். நல்ல பிள்ளை, புரிந்துகொண்டது என்று சந்தோஷம்கூடப் பட்டார்.

அந்த ஐந்தாவது ஞாயிறுதான் அவர் தேடிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

ஒரு மஞ்சள் வீடு. அதன் வாசலில் ஒரு சாம்பல் பூனை. மீன் பிடிக்கவில்லை, திரை மாற்றவில்லை, யாரோடும் பேசவில்லை. சும்மா நிற்கிறது. போன வாரமும் இதே பூனை இதே இடத்தில் நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரமும் நின்றது. ஒரு நிஜக் குழந்தை விளையாட வந்த இடத்தில் இப்படியா மணிக்கணக்காக வாசலில் நிற்கும்? எந்தப் பிள்ளை வரும் என்று காத்து நிற்கிற கயவன்தான் நிற்பான்! பதினாறு வருஷ அனுபவம் அவருக்குள் விழித்துக்கொண்டது.

இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: மகளுடைய தோழியின் பூனை என்ன நிறம், இருவரும் கட்டிய வீடு எங்கே இருக்கிறது என்று மாடசாமிக்குத் தெரியாதா? தெரியாது. ஏன், மகளிடம் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். ஆனால் மெஷினை ஓட்டுகிற ஆளிடம் போய் ‘உன் சரக்கு எப்படி?’ என்று கேட்கிற ஆய்வாளர் உண்டா? அது தொழில் தர்மத்துக்கே விரோதம்.

டைகர்குட்டி மெல்ல மஞ்சள் வீட்டு வாசலுக்குப் போனது.

“ஹாய்! நான் நாலாவது படிக்கிறேன். உன் பேரு என்ன?”

“ஹாய்,” என்றது சாம்பல் பூனை. பெயர் சொல்லவில்லை.

மாடசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிஜக் குழந்தை பெயரைக் கேட்டதும் சொல்லாதா?

“எந்த ஸ்கூல்?”

பதில் இல்லை.

“உங்க வீடு எங்க இருக்கு?”

“எதுக்கு?”

பாருங்கள், பதிலுக்குக் கேள்வி! கைதேர்ந்தவன். பிடியை இறுக்க வேண்டியதுதான் என்று மாடசாமி அடுத்தடுத்துத் தட்டினார். “அப்பா அம்மா எத்தன மணிக்கு வேலைக்குப் போவாங்க? இப்ப வீட்ல யாரு இருக்கா?”

சாம்பல் பூனை சட்டென்று மறைந்துவிட்டது.

மாடசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஐந்து கேள்வி, ஒன்றுக்கும் பதிலில்லை. குழந்தையாக இருந்தால் ஒன்றுக்காவது சொல்லியிருக்கும். குட்டு வெளிப்பட்டதும் ஓடிவிட்டான். நோட்டை எடுத்து நல்ல கையெழுத்தில் எழுதினார்: ‘சாம்பல் பூனை. மிகவும் சந்தேகத்துக்குரிய நபர். குழந்தை வேடமிட்டவர். வயது நாற்பதுக்கு மேல் இருக்கலாம்.’

சந்தையிலிருந்து ராசாத்தியும் மகளும் வந்து பையைக் கீழே வைக்கவும் செல்போன் அடிக்கவும் சரியாக இருந்தது. புனே முனிசாமி. ராசாத்தியும் பேச வேண்டுமே என்று வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

“மாடசாமி! நீ தெய்வம்பா!” என்றார் முனிசாமி எடுத்த எடுப்பில்.

“என்னய்யா, என்ன ஆச்சு?”

“அந்தப் பூனை கேம்ல ஒரு பொறுக்கி பூந்துட்டான்பா. எங்க ரேவதிகிட்ட பேரு இன்னான்றான், ஊடு எங்கன்றான், ஊட்ல யார் இருக்காங்கன்றான். நீ சொல்லிக் குடுத்தியே அஞ்சு கேள்வி, அப்பிடியே அஞ்சையும் வரிசையா கேட்டிருக்கான். பாப்பா பயந்துபோயி எழுந்து வந்து அவங்கம்மாகிட்ட சொல்லிடுச்சி. உன் லிஸ்டு மட்டும் இல்லன்னா எங்க கதி இன்னா ஆவறது?”

மாடசாமி நோட்டை மெல்ல மூடினார்.

“நான் வயரையே புடுங்கிட்டேன். இனிமே கேமும் வேணாம் ஒன்னும் வேணாம். பாப்பாதான் சோறு துன்னாம அளுதுனே இருக்கறா. நாலு வாரமா மோகனா வரல, வருவா வருவான்னு வாரா வாரம் அந்த ஊட்டு வாசல்ல போயி நின்னுட்டு இருந்தாளாம். ஸ்கூல்ல பேச ஆளில்ல. ஓசூருக்கே போலாம்பான்றா. அத வுடு. அவன் பேரு டைகர்குட்டியாம். உன் பொண்ணையும் உஷாரா பாத்துக்க!”

டைகர்குட்டி என்ற பெயர் அந்த அறையில் விழுந்ததும் ராசாத்தி கணவனைப் பார்த்தாள். மகள் மானிட்டரைப் பார்த்தாள். அங்கே மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் ஓர் ஆரஞ்சுப் பூனை வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட்டால் ரேவதி சோறு தின்பாள். சொன்னால் முனிசாமி புனே தொழிற்சாலை முழுக்கச் சொல்வான். அங்கிருந்து அது மறுநாள் காலை ஓசூர் பஸ்ஸுக்கு வந்துவிடும். தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை வந்து நின்ற அதே நேரம் அங்கே இன்னொரு பிள்ளை நின்றிருக்கிறது என்பது மாடசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தார்.

“அந்தப் பயல சும்மா விடக்கூடாது முனிசாமி,” என்றார்.

மோகனப்ரியா அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். “மாமா, ரேவதிகிட்ட குடுங்க.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஏய், அது எங்கப்பாடி. பயப்படாத. அவரு ஒரு மாசமா கம்ப்யூட்டர குடுக்கவே இல்ல, அதான் நான் வரல. அவருக்கு மீன் மட்டும்தான் புடிக்கத் தெரியும்.”

புனேயிலும் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. பிறகு முனிசாமியின் மனைவி மங்கம்மா தூரத்தில் “ஏமாயிந்தி?” என்று தெலுங்கில் கேட்பது கேட்டது. “ஒன்னுமில்ல, அவன் கெடச்சிட்டான்,” என்று முனிசாமி அவளுக்குப் பதில் சொன்னார். பிறகு போனுக்கு வந்தார்.

“மாடசாமி.”

“சொல்லுய்யா.”

“பாப்பாங்க ரெண்டும் ஆடட்டும். நான் வயர மாட்டிடறேன். கேம்ல ஒரு தப்பும் இல்ல. நீ மட்டும் அந்தப் பக்கம் வராத.”

அன்று பதினொன்று தாண்டியும் கம்ப்யூட்டர் பெண்களிடமே இருந்தது. மஞ்சள் வீட்டு வாசலில் இரண்டு பூனைகள் ஐந்து வாரக் கதையைப் பேசிக்கொண்டிருந்தன. மாடசாமி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைத் தூரத்திலிருந்து பார்த்தார். மனிதர் மனம் திருந்திவிட்டார் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே அவர் ராசாத்தியிடம் சொன்னது இது:

“பாத்தியா, நான் இன்ஸ்பெக்சன் பண்ணுனதாலதான் உள்ள யாரு ஆபத்தான ஆளுன்னு தெரிய வந்துச்சு.”

ராசாத்தி ரசத்தை அவர் சோற்றில் ஊற்றினாள், கொஞ்சம் வேகமாகவே.

நீங்கள் இந்நேரம் மாடசாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நாம் அப்படியில்லை, நம் வீட்டில் பிள்ளைகளின் பொருள் பிள்ளைகளிடம்தான் என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். நல்லது. கையிலிருக்கும் பத்திரிகையைக் கொஞ்சம் திருப்பி, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைப் பாருங்கள். சிறுவர் பகுதி. ‘ஆறு வித்தியாசம் கண்டுபிடி’ படம். அதில் ஐந்து இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறதே, அது யாருடைய பேனா?

கஷ்டமாக இருக்குமோ என்று பிள்ளைக்காகப் பார்த்தீர்கள். புரிகிறது. ஆறாவதையாவது விட்டுவையுங்கள்.